கடைசி இலை வரை பாயசம் வருகிறதா?

கல்யாணப் பந்தியில் ஒரு காட்சியை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். பாயச வாளியோடு வருகிறவர் முதல் நாலைந்து இலைகளில் கரண்டி கரண்டியாக ஊற்றுவார். நடு வரிசைக்கு வரும்போது கரண்டி பாதியாகும். கடைசி இலைக்கு வரும்போது வாளியின் அடியைச் சுரண்டுகிற சத்தம்தான் கேட்கும். கடைசியில் உட்கார்ந்தவருக்கும் பத்திரிகை வைத்துத்தான் கூப்பிட்டார்கள். அவரும் மொய் எழுதித்தான் இருக்கிறார்! ஆள் பார்த்துப் பரிமாறும் இந்தக் குணத்துக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர், 'பந்தி வஞ்சனை'.

உள்ளாட்சியும் ஒரு பரிமாறும் வேலைதான். டெல்லியிலும் சென்னையிலும் சட்டத்தையும் திட்டத்தையும் சமைத்து இறக்குகிறார்கள். கரண்டி இருப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியின் கையில். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் முடிகிறது, தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு நின்றுபோகிறது, சுடுகாட்டுப் பாதைக்கு எப்போது சிமென்ட் வருகிறது... எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

சாதி, மதம், பால், உடல்நிலை, வருமானம் என்று ஆயிரம் வேற்றுமைகளோடு ஒரே ஊரில் வாழ்கிறோம். இத்தனை பேருக்கும் நியாயமாகப் பரிமாற ஓர் உள்ளாட்சியால் முடியுமா? முடியும். முடிந்த இடங்களும் இருக்கின்றன, முடியாமல் போன இடங்களும் இருக்கின்றன. இந்த வாரம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

எல்லோருக்கும் நாலு இட்லியா?

வீட்டில் அம்மா பரிமாறுவதைக் கவனியுங்கள். காய்ச்சலில் கிடக்கும் சின்னவனுக்கு ரசம் சாதம். விளையாடிவிட்டுப் பசியோடு வரும் பெரியவளுக்கு ஆறு இட்லி. சர்க்கரை இருக்கும் தாத்தாவுக்குக் கேழ்வரகு அடை. எல்லோருக்கும் தலைக்கு நாலு இட்லி என்று அவர் கணக்குப் போடுவதில்லை. போட்டால் அது சமமாக இருக்கும், நியாயமாக இருக்காது.

ஊரில் இதே கணக்கு எப்படித் தப்பாகிறது என்று பாருங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எல்லாத் தெருவுக்கும் குழாய் போட்டாயிற்று. எல்லோருக்கும் காலையில் அரை மணி நேரம் தண்ணீர். ஆவணத்தில் எல்லாம் சமம். ஆனால், தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அங்கே நாலு வீட்டில் மோட்டார் வைத்து வேறு உறிஞ்சுகிறார்கள். மேட்டில் இருக்கும் கடைசித் தெருக் குழாயில் 'புஸ்' என்று காற்றுதான் வருகிறது. அந்தக் கடைசித் தெரு பெரும்பாலும் யார் வசிக்கும் தெருவாக இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. அந்தத் தெருவுக்குத் தனி கேட் வால்வு வைத்து, முதல் அரை மணி நேரம் அங்கே மட்டும் திறந்துவிடச் சொல்லலாம். அல்லது அங்கேயே ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் சின்ன மோட்டாரும் வைக்கலாம். மற்ற தெருக்களைவிட அந்தத் தெருவுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அந்தக் கூடுதல் செலவு சலுகை இல்லை. மற்றவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்ட தண்ணீரை இவர்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலி.

ஓரணாவில் ஒரு பாடம்

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே சென்னை மாநகராட்சி செய்து காட்டியது.

1920-ல், பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. பள்ளிக்கூடம் அன்றைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால், வயிற்றில் ஒன்றும் இல்லாத பிள்ளை படியேறி வரவில்லை. 'திறந்துதானே வைத்திருக்கிறோம், வராதது அவர்கள் தப்பு' என்று மன்றம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று பார்த்தது.

பின்னாளில் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இத்தனை பெரிய ஆலமரத்துக்கு விதை போட்ட இடங்களில் ஒன்று, ஓர் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானப் புத்தகம்!

பதவி வந்தது, நாற்காலி வரவில்லை

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக இல்லை. கசப்பையும் சொல்ல வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் என்று அது உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 1994-ல் புதிய ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996-ல் தேர்தல் நடந்தது.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்புகளுக்கு நடுவே தேர்தலில் நின்று தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் அவருடன் வந்தவர்களையும் ஒரு கும்பல் வழிமறித்து வெட்டிக் கொன்றது. ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார நினைத்ததற்கு அவர் கொடுத்த விலை, உயிர்.

அதே காலகட்டத்தில் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டும், பத்து வருஷங்கள் முறையான தேர்தலே நடக்க முடியவில்லை. யாரும் மனு போடாமல் பார்த்துக்கொண்டார்கள். மீறித் தேர்தல் நடந்தால், ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தார். செய்ய வைக்கப்பட்டார் என்பதே சரி.

2006-ல்தான் அந்தப் பூட்டு திறந்தது. அரசு உறுதியாக நின்றது. அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரனும் அதிகாரிகளும் ஊர் ஊராகப் போய் இரண்டு தரப்பு மக்களோடும் திரும்பத் திரும்பப் பேசினார்கள். நான்கு ஊராட்சிகளிலும் தலைவர்கள் தேர்வாகிப் பதவியேற்றார்கள். சட்டம் 1996-லும் இருந்தது, 2006-லும் இருந்தது. நடுவில் சேர்ந்தது, அதை நடத்தியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் உட்கார்ந்து பேசும் பொறுமையும்தான்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்று நினைக்கிறீர்களா? 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் புகைப்படம் ஒன்று செல்போன் செல்போனாகப் பரவியது. உங்களுக்கும் வந்திருக்கலாம். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரான ஒரு பெண்ணால் தேசியக் கொடி ஏற்ற முடியவில்லை. செய்தி வெளியானபின், சில நாள்கள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார்.

இந்த இரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றுதான். இட ஒதுக்கீடு ஒருவரைக் கட்டடத்துக்குள் கொண்டுவரும். உள்ளே போனபின் அவருக்கு நாற்காலி உண்டா, பெயர்ப் பலகையில் அவர் பெயர் இருக்கிறதா, பீரோ சாவி யாரிடம், காசோலைப் புத்தகம் யாரிடம் என்பதை மற்றவர்கள்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள். பந்தியில் இலை போட்டாயிற்று, சோறு வரவில்லை என்பது மாதிரி.

தலைவர் யார், பேசுகிறவர் யார்?

தமிழ்நாட்டில் 2016-ல் வந்த சட்டத் திருத்தம், உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவிகித இடங்களை ஒதுக்கியது. இன்றைக்கு ஊராட்சியில் பெண் தலைவர் என்பது அதிசயம் இல்லை. ஆனால் பல ஊர்களில், 'தலைவரைப் பார்க்கணும்' என்று போனால் தலைவரின் கணவரைத்தான் பார்க்க முடிகிறது என்பதும் ரகசியம் இல்லை.

இதைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது சுலபம். அந்தப் பெண் ஏன் பேசவில்லை என்று யோசிப்பதுதான் பயன் தரும். கணக்குப் புத்தகம் பார்க்க அவருக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா? கூட்டம் வைக்கும் நேரம் அவருக்குத் தோதானதா? கூட்டத்தில் அவரைத் தவிர வேறு எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? தனி ஆளாக நின்று பேசுவது யாருக்குமே கஷ்டம்.

பக்கத்து மாநிலமான கேரளா இதில் ஒரு நல்ல வழி காட்டியது. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், உள்ளாட்சிகளின் திட்ட நிதியில் பத்தில் ஒரு பங்கைப் பெண்களுக்கான பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 1998-ல் குடும்பஸ்ரீ தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்த சிறு குழுக்கள் உள்ளாட்சியோடு கைகோத்து வேலை செய்தன. பெண் உறுப்பினருக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றால் அவர் குரல் தானாக உயரும். நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் அந்தப் பலம் இருக்கிறது. கடன் தவணையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்காமல், அடுத்த கிராமசபைக்கு என்ன கேட்பது என்றும் பேச ஆரம்பித்தால் போதும்.

கடலைத் தொட ஒரு பாதை

2022 நவம்பரில் சென்னை மெரினாவில், மணலுக்குக் குறுக்கே கடலை நோக்கி ஒரு மரப் பாதையை மாநகராட்சி திறந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் நடக்க முடியாத முதியவர்களும் அலைக்கு அருகே போய் நின்றார்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் கடலைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகிய பலர் அங்கே கண் கலங்கினார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அடித்து, பாதையின் முனையைப் பிய்த்துப் போட்டது. 'இதுக்குத்தான் சொன்னோம், வீண் செலவு' என்ற பேச்சும் கிளம்பியது. ஆனால், பாதை திரும்பச் சீரமைக்கப்பட்டது.

மெரினாவில் மணல் நடுவே பாதை போட முடிகிறது. நம் ஊராட்சி அலுவலகத்தின் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட முடியாதா? முடியும். பல இடங்களில் போட்டும் இருக்கிறார்கள். ஆனால், சிலவற்றின் சரிவைப் பார்த்தால் சறுக்குமரம் மாதிரி இருக்கிறது. சிலவற்றின் வாயில் பைக் நிற்கிறது. போட்டவர்களில் ஒருவராவது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதில் ஏறிப் பார்த்திருந்தால் இப்படி இருக்காது.

அதனால்தான் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாக்கள் முக்கியமானவை. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க அவை வழிசெய்தன. தேர்தலில் நின்று, பணம் செலவழித்து, ஓடியாடி ஓட்டுக் கேட்க முடியாதவருக்கும் மன்றத்தில் ஓர் இடம். சாய்தளத்தின் சரிவு தப்பு என்று சொல்ல, அதில் ஏற வேண்டியவரே அறைக்குள் இருப்பார். அவருக்கும் நாற்காலி பிரச்னை வராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

ஒரே சுவர், இரண்டு வீடு

அருகருகே வாழாதவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அறிவார்கள்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர், திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ. வேதிப் பொறியியல் படித்து, விஞ்ஞானியாக வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். அவர் காலத்தில் அங்கே இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. நடுவில் ஒரு பொதுச் சுவர். ஒரு பக்கம் பட்டியல் சாதிக் குடும்பம், மறு பக்கம் வேறு சாதிக் குடும்பம்.

மாநில அரசும் 1997-ல் சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தது. முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-ல் எழுந்தது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று கலந்து ஒதுக்கினார்கள். ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்த வரைபடத்தையே மாற்றிப் போட்ட முயற்சி இது. எல்லா ஊரையும் இடித்துக் கட்ட முடியாது. ஆனால், புதிதாக ஒரு ரேஷன் கடை, அங்கன்வாடி, நூலகம் வரும்போது அதை எந்தத் தெருவில் கட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது. அங்கன்வாடி காலனித் தெருவில் வந்தால், ஊர்த் தெருப் பிள்ளைகள் அங்கே நடந்து வருவார்கள். கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருக்கும். பிள்ளைகள் சேர்ந்து விளையாட ஆரம்பித்தபின், முணுமுணுப்பைக் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

நகரத்தில் இருக்கிறவர்களுக்கும் இதில் இடம் உண்டு. 2022 தேர்தலுக்குப் பின் சென்னை மேயராக ஆர்.பிரியா பொறுப்பேற்றபோது, அந்தப் பதவிக்கு வந்த முதல் பட்டியல் சாதிப் பெண் என்ற வரலாறு எழுதப்பட்டது. அதே தேர்தலில் வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டு மக்கள், கங்கா நாயக் என்ற திருநங்கையைக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 1-ல் நகரங்களில் ஏரியா சபைக் கூட்டங்களும் தொடங்கின. கிராமத்துக்குக் கிராமசபை மாதிரி, நகரத்துத் தெருக்களுக்கு ஏரியா சபை. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறவர்கள், இவர்களுடைய தண்ணீரையும் குப்பையையும் கழிப்பறையையும் பற்றி யாராவது பேச வேண்டும் என்றால், அதற்கான இடம் இதுதான்.

கிராமசபையில் கேட்க 5 கேள்விகள்

தமிழ்நாட்டில் கிராமசபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் செய்யும்போதும் கிராமசபை உண்டு. இந்த வரியை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள்.

போகும்போது இந்த ஐந்து கேள்விகளையும் எடுத்துப்போங்கள்.

1. போன முறை கூட்டம் எங்கே நடந்தது? எப்போதும் ஒரே கோயில் திடலில் நடந்தால், அங்கே வரத் தயங்குகிறவர்கள் யார்? அடுத்த கூட்டத்தைக் காலனியிலோ குக்கிராமத்திலோ வைக்கலாமா?

2. குழாய் இருந்தும் தண்ணீர் வராத தெரு எது? கம்பம் இருந்தும் விளக்கு எரியாத தெரு எது? தெருப் பெயரோடு தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

3. இந்த வருஷம் செலவான பணத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது? மொத்தக் கணக்கை மட்டும் வாசித்தால், தெருவாரியாகக் கேளுங்கள்.

4. அலுவலகம், நூலகம், ரேஷன் கடை, கழிப்பறை, இவற்றுக்குள் சக்கர நாற்காலி போகுமா? பதில் 'போகும்' என்று வந்தால், ஒரு மாற்றுத்திறனாளியை வைத்து அன்றைக்கே பார்த்துவிடலாம்.

5. இன்றைய கூட்டத்துக்கு வராதவர்கள் யார்? பழங்குடிக் குடியிருப்பிலிருந்து, தனியாக வாழும் பெண்களிலிருந்து, திருநங்கையரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா? வரவில்லையென்றால், அடுத்த முறை தண்டோராவும் வாட்ஸ்அப்பும் போகாத இடத்துக்கு நேரில் போய்ச் சொல்லப்போவது யார்?

ஐந்தில் ஒன்றைக் கேட்டாலே கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'உனக்கு எதுக்கு இந்த வம்பு?' என்று ஒருவர் காதோரம் சொல்வார். அந்தத் தெரு உங்கள் தெருவாக இல்லாதபோது இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். காலனித் தெருத் தண்ணீருக்காகக் காலனிக்காரர் மட்டுமே பேசினால், அதைச் சண்டை என்பார்கள். தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்காரரும் சேர்ந்து பேசினால், அது ஊர்ப் பிரச்னை.

பந்தியிலும் அப்படித்தான். கடைசி இலைக்காரர் தனக்காகக் கேட்கக் கூச்சப்படுவார். முதல் இலையில் இருக்கிறவர் வாளிக்காரரைப் பார்த்து, 'எனக்குப் போதும்ப்பா, அந்தக் கடைசிக்கு முதல்ல போ' என்று சொன்னால் வேலை உடனே நடக்கும். அடுத்த கிராமசபைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பாருங்கள். இதுவரை அந்தப் பக்கமே போகாத ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரு நாற்காலியும் எடுத்துப் போடுங்கள்.

(அடுத்த வாரம் சந்திப்போம்)